மீக்கடத்திகளும் காந்தப்புலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிகக் குறைந்த வெப்பநிலையில் மின்தடையை முற்றிலும் இழக்கும் பொருள் மீக்கடத்தி. இயற்பியல் மாணவர்களும், திரவ நைட்ரஜனை முதன்முறையாகக் கையாளப்போகும் ஆசிரியர்களும், அளவீட்டுத் தரவை வைத்துக்கொண்டு குழம்பும் ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. புலத்தின் அளவை டெஸ்லாவில் தருகிறோம். 1 டெஸ்லா 10,000 காஸ்; 1 மில்லிடெஸ்லா 10 காஸ். ஒப்பிட்டுப் பார்க்க: தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ், மருத்துவமனை எம்ஆர்ஐ 1.5 அல்லது 3 டெஸ்லா.

மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும் என்று படித்திருக்கிறோம். எல்லா மீக்கடத்தியும் அப்படித்தானா?

சிறிய புலத்தில் ஆம். புலம் ஏற ஏற இரண்டு வழியாகப் பிரிகின்றன. ஈயம், பாதரசம், வெள்ளீயம், அலுமினியம் போன்ற தூய உலோகங்கள் ஓர் எல்லை வரை புலத்தை முழுவதுமாக வெளியே நிறுத்தும். எல்லையைத் தாண்டியதும் மீக்கடத்துதல் மொத்தமாக அழிந்து சாதாரண உலோகமாகிவிடும். இவை முதல் வகை.

இரண்டாம் வகைக்கு இரண்டு எல்லைகள். கீழ் மாறுநிலைப் புலம் வரை முழு விலக்கம். அதற்கு மேல் புலம் மெல்லிய இழை இழையாக உள்ளே நுழையும். ஆனாலும் பொருள் மீக்கடத்தியாகவே நீடிக்கும். மேல் மாறுநிலைப் புலத்தில்தான் எல்லாம் முடிகிறது. கீழ் எல்லை பெரும்பாலும் சில மில்லிடெஸ்லாவிலிருந்து சில பத்து மில்லிடெஸ்லா வரை. மேல் எல்லையோ பல டெஸ்லா, சிலவற்றில் நூறு டெஸ்லாவுக்கும் மேல்.

பாடப்புத்தகம் விலக்கத்தை மட்டும் அழுத்திச் சொல்வதால் ஒரு தவறான எண்ணம் ஊன்றிவிடுகிறது. உலகில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மீக்கடத்திக் காந்தங்கள் எல்லாமே புலத்தை உள்ளே விட்ட நிலையில்தான் வேலை செய்கின்றன. நுழைந்த புலத்தை அசையாமல் பிடித்துவைக்கத் தெரிந்த பொருள்தான் பயன்படும் பொருள்.

மின்தடை பூஜ்யம் என்றால் புலம் தானாகவே நுழைய முடியாதே. மைஸ்னர் விளைவு என்று தனியாக ஒன்று எதற்கு?

வித்தியாசம் குளிர்விக்கும் வரிசையில் இருக்கிறது. முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு காந்தத்தைக் கொண்டுவந்தால், தடையில்லாத எந்தக் கடத்தியும் எதிர் மின்னோட்டத்தை உண்டாக்கிப் புலத்தைத் தடுத்துவிடும். இதில் வியப்பில்லை. ஆனால் காந்தத்தை முதலிலேயே வைத்துவிட்டுக் குளிர்வித்தால்? வெறும் ‘தடையில்லாக் கடத்தி’ உள்ளே இருக்கும் புலத்தை அப்படியே சிறைப்படுத்தும், ஏனெனில் மாற்றத்தை மட்டுமே அது எதிர்க்கும். உண்மையான மீக்கடத்தி, மாறுநிலை வெப்பநிலையை, அதாவது மீக்கடத்துதல் தொடங்கும் வெப்பநிலையை, கடக்கும் நொடியில், ஏற்கெனவே உள்ளே இருந்த புலத்தையும் வெளியேற்றுகிறது. மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் 1933-ல் பெர்லினில் கண்டது இதைத்தான். மீக்கடத்துநிலை ஒரு தனி வெப்ப இயக்கவியல் நிலை என்பதற்கு அதுவே சான்று.

வெளியேற்றம் மேற்பரப்பு வரை முழுமையானதும் அல்ல. புலம் ஓரளவு ஆழத்துக்குத் தேய்ந்தபடி நுழையும். ஈயத்தில் அந்த ஊடுருவு ஆழம் ஏறக்குறைய 40 நானோமீட்டர், ஒய்பிசிஓ எனப்படும் இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடில் சுமார் 150 நானோமீட்டர்.

முதல் வகை எவ்வளவு புலம் தாங்கும்?

மிகக் குறைவு. பூஜ்ய கெல்வினை நெருங்கும்போது ஈயம் 80 மில்லிடெஸ்லா, பாதரசம் 41, வெள்ளீயம் சுமார் 30, அலுமினியம் 10 மில்லிடெஸ்லா. வெப்பநிலை ஏறினால் இதுவும் குறையும். வெப்பநிலையை மாறுநிலை வெப்பநிலையால் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றிலிருந்து கழித்து, பூஜ்ய கெல்வின் மதிப்பால் பெருக்கினால் போதும். ஈயத்தின் மாறுநிலை வெப்பநிலை 7.2 கெல்வின், திரவ ஹீலியத்தில், அதாவது 4.2 கெல்வினில், அது தாங்குவது சுமார் 53 மில்லிடெஸ்லாதான். ஒரு நல்ல நியோடிமியம் காந்தத்தின் முகப்பில் இருப்பது இதைப்போல் ஆறேழு மடங்கு.

மின்னோட்டத்துக்கும் இதே எல்லை பொருந்தும், ஏனெனில் ஓடும் மின்னோட்டமே கம்பியின் மேற்பரப்பில் புலத்தை உண்டாக்குகிறது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் கம்பி 4.2 கெல்வினில் ஏறக்குறைய 130 ஆம்பியரில் தோற்றுவிடும், வெளிப்புலம் எதுவும் இல்லாதபோதே. 1911-ல் பாதரசத்தில் மீக்கடத்துதலைக் கண்டுபிடித்த காமர்லிங் ஓன்னஸ், செம்பில் சாத்தியமில்லாத வலிமையான காந்தங்களை இதனால் சுற்றிவிடலாம் என்று நம்பினார். சில நூறு காஸிலேயே ஈயமும் வெள்ளீயமும் தோற்றுப்போவதை மூன்றாண்டுகளுக்குள் அவரே அளந்து பார்த்தார். அந்தக் கனவு நிறைவேற ஐம்பது ஆண்டுகள் ஆயின. நிறைவேற்றியது இரண்டாம் வகை.

ஈயப் பந்தை அளந்தால் சொல்லப்பட்ட எல்லைக்கு முன்பே புலம் நுழைகிறது. மாதிரி தூய்மையில்லையா?

மாதிரியைக் குறை சொல்லும் முன் வடிவத்தைப் பாருங்கள். விலக்கப்பட்ட புலக்கோடுகள் பந்தின் நடுக்கோட்டுப் பகுதியில் நெருங்கி ஓடுவதால், அங்கே உள்ளூர்ப் புலம் நீங்கள் கொடுத்ததைப் போல் ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே எல்லையின் மூன்றில் இரண்டு பங்கிலேயே பந்து இடைநிலைக்குப் போகிறது: மீக்கடத்தும் பட்டைகளும் சாதாரண உலோகப் பட்டைகளும் மாறி மாறி அமைந்த நிலை. புலத்துக்குச் செங்குத்தாக வைத்த மெல்லிய தகட்டில் இது இன்னும் மோசம், மிகச் சிறிய புலத்திலேயே தொடங்கிவிடும்.

இடைநிலையையும், புலம் இழைகளாக நுழைந்திருக்கும் இரண்டாம் வகையின் கலப்பு நிலையையும் ஒன்றாக எண்ணிவிடுவது தேர்வுத் தாள்களில் அடிக்கடி பார்க்கும் பிழை. இடைநிலை வடிவத்தால் வருவது. நீளமான ஊசியைப் புலத்துக்கு இணையாக வைத்தால் காணாமல் போய்விடும். கலப்பு நிலை பொருளின் இயல்பு, எந்த வடிவத்திலும் இருக்கும்.

எது முதல் வகை, எது இரண்டாம் வகை என்பதை எது தீர்மானிக்கிறது?

இரண்டு நீளங்களின் போட்டி. ஒன்று, மேலே சொன்ன ஊடுருவு ஆழம். இன்னொன்று ஓரியல்பு நீளம்: மீக்கடத்தும் எலக்ட்ரான் இணைகளின் அடர்த்தி இதைவிடக் குறுகிய தொலைவில் மாற முடியாது. ஊடுருவு ஆழத்தை ஓரியல்பு நீளத்தால் வகுத்து வருவதைக் கப்பா என்கிறோம். கப்பா 0.707-க்குக் கீழே இருந்தால் முதல் வகை, மேலே இருந்தால் இரண்டாம் வகை. அந்த எண் இரண்டின் வர்க்கமூலத்தின் தலைகீழ். கின்ஸ்பர்க்கும் லாண்டாவும் 1950-ல் தந்த கோட்பாட்டிலிருந்து வருவது.

பின்னணிக் காரணம் எளிது. சாதாரணப் பகுதியும் மீக்கடத்தும் பகுதியும் சந்திக்கும் எல்லைச்சுவருக்கு ஓர் ஆற்றல் விலை உண்டு. ஓரியல்பு நீளம் பெரிதானால் சுவர் விலை கூடுதல்; பொருள் சுவரே வேண்டாம் என்று புலத்தை முழுக்க மறுக்கும். நீளம் சிறிதானால் விலை எதிர்மறையாகிவிடும். அப்போது எத்தனை சுவர் முடியுமோ அத்தனையும் வைத்துக்கொள்வது பொருளுக்கு ஆதாயம். அதனால்தான் புலம் மிக நுண்ணிய இழைகளாகப் பிரிந்து நுழைகிறது.

அலுமினியத்தின் கப்பா 0.01 அளவில், ஈயத்தின் கப்பா 0.45 அளவில். நையோபியம் எல்லையைச் சற்றே தாண்டி 1-ஐ ஒட்டி நிற்கிறது. தனிமங்களில் இரண்டாம் வகையாக இருக்கும் மிகச் சிலவற்றில் அதுவும் வனேடியமும் அடங்கும். ஒய்பிசிஓ-வின் கப்பா நூறை ஒட்டியது. ஈயத்தோடு கொஞ்சம் இண்டியமோ தாலியமோ சேர்த்தால் எலக்ட்ரான்கள் மோதாமல் ஓடும் தொலைவு குறுகி, ஓரியல்பு நீளமும் குறுகி, ஈயமே இரண்டாம் வகையாகிவிடும். உக்ரைனின் கார்கிவில் இயற்பியலாளர் ஷுப்னிகோவின் குழு 1930-களின் நடுவில் ஈயம்-தாலியம் கலவையில் இதை அளந்து காட்டியது. ஷுப்னிகோவ் 1937-ல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார்; அவருடைய அளவீட்டின் முழுப் பொருளும் 1957-ல் அப்ரிகோசோவின் கட்டுரைக்குப் பிறகுதான் உலகுக்குப் புரிந்தது. அப்ரிகோசோவுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ‘இழை’ என்பது உண்மையில் என்ன?

ஒரு சுழல். நடுவில் ஓரியல்பு நீள ஆரத்தில் சாதாரண உலோகமாகிவிட்ட உள்ளகம். அதைச் சுற்றி ஊடுருவு ஆழம் வரை பரவிய வட்ட மீக்கடத்து மின்னோட்டம். ஒவ்வொரு சுழலும் சுமப்பது ஒரே அளவு காந்தப் பாயம், 2.07×10⁻¹⁵ வெபர். புலத்தைக் கூட்டினால் சுழல்கள் பருக்காது, எண்ணிக்கையில் பெருகும். 1 டெஸ்லாவில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 4,800 கோடி சுழல்கள், ஒன்றுக்கொன்று 49 நானோமீட்டர் இடைவெளியில், முக்கோண அடுக்காக நிற்கும். 1967-ல் எஸ்மானும் டிராய்பிளும் ஈயம்-இண்டியக் கலவையின் மேல் நுண்ணிய இரும்புத் துகளைப் படியவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த அடுக்கைக் கண்ணுக்கே காட்டினார்கள்.

உள்ளகங்கள் ஒன்றோடொன்று மோதும் அளவுக்கு நெருங்கினால் அதுவே மேல் மாறுநிலைப் புலம். ஓரியல்பு நீளம் 5 நானோமீட்டர் என்றால் கணக்கு 13 டெஸ்லா தரும், 4 நானோமீட்டர் என்றால் 20 டெஸ்லா. நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக ஓடுவதால் சிறு மாற்றமும் பெரிதாகப் பேசும்.

அப்படியானால் மேல் மாறுநிலைப் புலம் உயர்ந்த பொருளைத் தேர்ந்தெடுத்தால் வலிமையான காந்தம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான்.

சுழல்கள் நிற்கும் பொருளில் மின்னோட்டம் செலுத்தினால், ஒவ்வொரு சுழலின் மேலும் பக்கவாட்டில் ஒரு விசை விழும். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் தோன்றினால் மின்தடை வந்துவிட்டது, வெப்பம் வந்துவிட்டது. குறையே இல்லாத, அழகான, தூய இரண்டாம் வகைப் படிகம் கலப்பு நிலையில் ஏறக்குறைய எந்த மின்னோட்டத்தையும் இழப்பில்லாமல் சுமக்காது. கோட்பாட்டில் 20 டெஸ்லா தாங்கும் பொருள், கம்பியாக ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

காப்பாற்றுவது குறைகள்தான். சுழலின் உள்ளகம் ஏற்கெனவே சாதாரணமாகிவிட்ட இடம். பொருளுக்குள் மீக்கடத்தாத ஒரு துகளோ, எல்லையோ, துளையோ இருந்தால் சுழல் அதன்மேல் வந்து உட்கார்வது ஆற்றலுக்கு ஆதாயம். உட்கார்ந்துவிட்டால் எழுப்ப விசை வேண்டும். இதை ஆய்வகத்தில் ‘பின்னிங்’ என்பார்கள். இங்கே பிடிப்பு என்கிறோம். ஒரு குறிப்பிட்ட புலத்திலும் வெப்பநிலையிலும் எவ்வளவு மின்னோட்ட அடர்த்தி வரை பிடிப்பு தாங்குகிறதோ, அதுவே மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி. வெப்பநிலை எல்லையையும் மேல் புல எல்லையையும் பொருளின் வேதியியல் தீர்மானிக்கிறது. மின்னோட்ட எல்லையை அந்தப் பொருளை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பது தீர்மானிக்கிறது.

1961-ல் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லரும் குழுவினரும் நையோபியம்-வெள்ளீயச் சேர்மக் கம்பியில் 4.2 கெல்வினில், 8.8 டெஸ்லா புலத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,00,000 ஆம்பியர் ஓடுவதைக் காட்டிய நாளில்தான் மீக்கடத்திக் காந்தம் என்னும் தொழில் பிறந்தது.

உயர்வெப்ப மீக்கடத்திகளில் இன்னொரு எல்லையும் குறுக்கிடும். வெப்ப அதிர்வே சுழல்களைப் பிடிப்பிலிருந்து கழற்றிவிடும் புலம் அது, மீளாமைப் புலம் என்பார்கள். பிஸ்மத் சேர்ந்த ஆக்சைடு மீக்கடத்தி நாடாவின் மாறுநிலை வெப்பநிலை 110 கெல்வின், ஒய்பிசிஓ-வை விட உயர்வு. ஆனால் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினில் அதன் மீளாமைப் புலம் அரை டெஸ்லாவுக்கும் கீழே. ஒய்பிசிஓ-வுக்கு அதே வெப்பநிலையில் சில டெஸ்லா. நைட்ரஜனில் காந்தம் சுற்ற வேண்டுமென்றால் மாறுநிலை வெப்பநிலையை மட்டும் பார்த்து பிஸ்மத்தை வாங்கிவிடாதீர்கள். அதையே 20 கெல்வினுக்குக் குளிர்வித்தால் நன்றாகவே வேலை செய்யும்.

பிடிப்பு மையங்களை வேண்டுமென்றே உண்டாக்குவது எப்படி?

பொருளுக்குப் பொருள் வழி வேறு. நையோபியம்-டைட்டானியம் கம்பியை 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பலமணி நேரம் வைத்து, டைட்டானியம் மிகுந்த துகள்களைப் பிரியவிட்டு, மறுபடி இழுத்து மெலிதாக்குவார்கள். துகள்கள் சில நானோமீட்டர் தடிப்புள்ள தாள்களாக மடிந்து சுழலுக்கு ஏற்ற அளவை அடையும். நையோபியம்-வெள்ளீயத்தில் படிகமணிகளின் எல்லைகளே பிடிப்பு, ஆகவே மணி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஒய்பிசிஓ வட்டுகளில் ‘பச்சைக் கட்டம்’ எனப்படும் மீக்கடத்தாத சேர்மத்தின் துகள்களைச் சேர்க்கிறார்கள். நாடாக்களில் பேரியம் சிர்கனேட் போன்றவை நானோ தூண்களாக வளர்க்கப்படுகின்றன.

எந்தக் காந்தத்துக்கு எந்தப் பொருள்?

8 அல்லது 9 டெஸ்லா வரை நையோபியம்-டைட்டானியம். வளைக்கலாம், சுற்றலாம், மலிவு, எம்ஆர்ஐ இதில்தான். ஜெனீவா அருகே உள்ள துகள்முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதியின் 1,232 வளைப்புக் காந்தங்களும் இதில்தான், அங்கே 8.33 டெஸ்லாவை எட்டுவதற்காக 1.9 கெல்வினுக்கு இறங்க வேண்டியிருந்தது. அதற்கு மேல், சுமார் 20 டெஸ்லா வரை, நையோபியம்-வெள்ளீயம். இது கண்ணாடி போல் நொறுங்கும். அதனால் முதலில் சுருளைச் சுற்றிவிட்டு, பிறகு 650 டிகிரி செல்சியஸ் சூட்டில் நாள்கணக்கில் வேகவைத்துச் சேர்மத்தை உண்டாக்குகிறார்கள். வெந்தபின் அரை சதவீதம் நீட்டினால்கூடக் கம்பி கெட்டுவிடும். அதற்கும் மேல் ஒய்பிசிஓ குடும்ப நாடாக்கள், 4.2 கெல்வினில். 39 கெல்வின் வரை மீக்கடத்தும் மக்னீசியம் டைபோரைடு, ஹீலியம் இல்லாமல் குளிர்விப்பானிலேயே ஓடும் நடுத்தரக் காந்தங்களுக்குப் பொருந்தும்.

வகுப்பில் காந்தம் மிதப்பதைக் காட்ட வேண்டும். என்னென்ன தேவை, எப்படிச் செய்வது?

உருக்கி ஒரே பெரிய படிகமணியாக வளர்த்த (‘ஒற்றைக் களத்து’) ஒய்பிசிஓ வட்டு ஒன்று, 25 முதல் 30 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் தடிப்பு. ‘உருக்கி வளர்த்த’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். மாவை அழுத்திச் சுட்ட வில்லையில் மணிகளுக்கு இடையிலான இணைப்பு பலவீனம். 77 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியர்தான் தாண்டும். உருக்கி வளர்த்ததில் அது 10,000 ஆம்பியருக்கு மேல். 15 முதல் 20 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம், தெர்மாகோல் கிண்ணம், 6 மில்லிமீட்டர் தடிப்பில் அட்டை, பிளாஸ்டிக் இடுக்கி, அரை லிட்டர் திரவ நைட்ரஜன். இரும்பு இடுக்கி வேண்டாம். காந்தம் அதை இழுத்து வட்டின்மேல் மோதி உடைத்துவிடும்.

1. வட்டைக் கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் அட்டை, அட்டைமேல் காந்தம்.
2. முதலில் அடியில் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றி ஆவியில் ஒரு நிமிடம் குளிரவிடுங்கள். எடுத்தவுடன் முழுக்க மூழ்கடித்தால் வட்டு விரிசல்விடும்.
3. வட்டின் மேல்முகம் வரை நிரப்புங்கள். கொதிப்பு அடங்குவதுபோல் தோன்றி, திடீரென ஒருமுறை பொங்கி, பிறகு அமைதியாகும். அந்தக் கடைசிப் பொங்கலுக்கு முன் அவசரப்படாதீர்கள். வட்டைப் போர்த்தியிருந்த ஆவிப்படலம் உடைந்து திரவம் நேராகத் தொடுவதன் அடையாளம் அது.
4. அட்டையை உருவுங்கள். காந்தம் அதே உயரத்தில் நிற்கும். சுழற்றலாம். வட்டை இடுக்கியால் தூக்கினால் காந்தமும் கூடவே வரும். கவிழ்த்தால் கீழே தொங்கும்.

தொங்குவதைக் காட்டும்போது ‘இது மைஸ்னர் விளைவு’ என்று சொல்லாதீர்கள். விலக்கம் தள்ள மட்டும்தான் தெரிந்தது, இழுத்துப் பிடிக்கத் தெரியாது. தொங்கவைப்பது சுழல் பிடிப்பு. மைஸ்னர் விலக்கத்தை மட்டும் வைத்து மிதக்கவிட வேண்டுமானால் திரவ ஹீலியத்தில் குழிந்த ஈயத் தட்டு வேண்டும். 1940-களில் ரஷ்ய இயற்பியலாளர் அர்காதியேவ் அப்படிக் காட்டினார். தட்டையான ஈயத்தின் மேல் காந்தம் வழுக்கிக்கொண்டே போய் விழுந்துவிடும்.

பாதுகாப்பு: கண்ணாடி அணியுங்கள், கழற்ற எளிதான தளர்வான கையுறை, திறந்த ஜன்னல். நைட்ரஜன் ஆவியாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும், ஆகவே மூடியை இறுக்கிய பிளாஸ்கில் ஒருபோதும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் மிதக்கவில்லை, அல்லது சென்ற ஆண்டு மிதந்தது இப்போது மிதக்கவில்லை. ஏன்?

காந்தத்தை வைக்காமல் குளிர்வித்துவிட்டு, பிறகு மேலே வைத்தீர்களா? அப்போது வட்டு தள்ளும், ஆனால் பக்கவாட்டுப் பிடி குறைவு, காந்தம் சரிந்துவிடும். அட்டையோடு குளிர்வியுங்கள். அட்டை 15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் வட்டுக்குள் புகும் புலம் போதாது, பிடியும் தளரும்.

சென்ற ஆண்டு மிதந்து இப்போது மறுத்தால் பெரும்பாலும் ஈரம்தான் குற்றவாளி. ஒய்பிசிஓ தண்ணீரோடு வினைபுரிந்து பேரியத்தை இழக்கும். மேலே வெள்ளைப் பூப்பு தெரியும். காட்டி முடித்ததும் குளிர்ந்த வட்டைத் திறந்த மேசையில் விட்டால், சென்னை போன்ற கடலோர ஊர்களின் காற்றில் அது நொடியில் பனி பூத்து, உருகி, நனைந்து ஊறிவிடும். ஜிப் பையில் போட்டு மூடியபின் அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், வெளியே எடுத்து முடி உலர்த்தியின் இளஞ்சூட்டில் காயவையுங்கள், சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இந்த மூன்றையும் செய்தால் வட்டு பல ஆண்டு தாங்கும்.

ஒய்பிசிஓ வில்லையை நாங்களே சுட்டுக்கொள்ள முடியுமா?

முடியும், 950 டிகிரி செல்சியஸ் உலையும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தால். 10 கிராமுக்கு இட்ரியம் ஆக்சைடு 1.695 கிராம், பேரியம் கார்பனேட் 5.924 கிராம், செம்பு ஆக்சைடு 3.582 கிராம். பேரியம் கார்பனேட் நஞ்சு. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். நன்றாக அரைத்து, அலுமினா கிண்ணத்தில் 900-920 டிகிரியில் 12 முதல் 24 மணி நேரம். மறுபடி அரைத்து மறுபடி சுடுதல், குறைந்தது இருமுறை. பிறகு வில்லையாக அழுத்தி 940-950 டிகிரியில் சுட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக இறக்கி, 450 டிகிரியை ஒட்டி அரை நாளுக்கு மேல் நிறுத்துங்கள்.

பெரும்பாலான தோல்விகள் இந்தக் கடைசிப் படியில்தான். சேர்மத்தின் வாய்பாட்டில் ஆக்சிஜன் எண்ணிக்கை 7-ஐ நெருங்க வேண்டும், 6.4-க்குக் கீழே போனால் அது மீக்கடத்தியே அல்ல. வில்லை கறுப்பாக வரவேண்டும். பச்சை தெரிந்தால் கலவை பிசகியது, அல்லது உலை 1,000 டிகிரியைத் தாண்டிக் கட்டம் உடைந்தது. இந்த வில்லை மேலே சொன்ன தொங்கவைக்கும் விளையாட்டுக்குப் போதாது. சின்னக் காந்தத் துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தும்.

அளவீட்டில் முதல் வகையா இரண்டாம் வகையா என்று எப்படிப் பிரித்தறிவது?

காந்தமாக்கத்தைப் புலத்துக்கு எதிராக வரையுங்கள். முதல் வகையில் கோடு நேராக இறங்கி, எல்லையில் சட்டென்று பூஜ்யத்துக்குத் தாவும். போன வழியிலேயே திரும்பி வரும். பிடிப்பில்லாத இரண்டாம் வகையில் கீழ் எல்லையில் திரும்பி, நீண்ட வாலாக மேல் எல்லை வரை தேயும். பிடிப்புள்ளதில் போகும் கோடும் வரும் கோடும் பிரிந்து அகன்ற வளையமாகும். அந்த வளையத்தின் அகலம், இயற்பியலாளர் பீன் 1962-ல் தந்த கோட்பாட்டு மாதிரியின்படி, மாறுநிலை மின்னோட்ட அடர்த்தியை நேராகத் தரும்: நீண்ட உருளைக்கு, அகலத்தை ஒன்றரையால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். ஆரம் எதனுடையது என்பதில் கவனம் தேவை. மணிகள் இணையாத தூளில் மின்னோட்டம் மணிக்குள்ளேயே சுற்றும். மாதிரியின் ஆரத்தைப் போட்டால் விடை பல மடங்கு பிசகும்.

எங்கள் மாதிரி 100 சதவீதத்துக்கு மேல் புலத்தை விலக்குவதாக வருகிறது. கருவி பழுதா?

வடிவத் திருத்தத்தை விட்டிருப்பீர்கள். பந்துக்கு 150 சதவீதம் வருவது சரியான விடையே. தட்டையான மாதிரியில் இன்னும் ஏறும். மாறாக, குளிர்விக்கும்போதே புலம் இருந்த அளவீட்டில் சில சதவீதம் மட்டும் வந்தால், ‘சில சதவீதம்தான் மீக்கடத்தி’ என்று எழுதிவிடாதீர்கள். பிடிப்பு வலுவாக இருந்தால் முழு மீக்கடத்தியும் அப்படித்தான் காட்டும்.

இன்னொரு பொறி: கருவியின் காந்தமே இரண்டாம் வகைக் கம்பியால் ஆனது. 5 டெஸ்லா வரை ஏற்றி இறக்கினால், திரையில் பூஜ்யம் என்றிருக்கும்போதும் சில மில்லிடெஸ்லா சிக்கி நிற்கும். 1 மில்லிடெஸ்லாவில் அளக்கும் முன், புலத்தைக் குறியை மாற்றி மாற்றிக் குறுக்கிக்கொண்டே பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

‘குவென்ச்’, அதாவது காந்தம் திடீரென மீக்கடத்துதலை இழந்து சூடாவது, ஏன் நடக்கிறது?

சுழல் கூட்டம் ஒன்று பிடிப்பிலிருந்து கழன்று தாவினால் வெப்பம். 4 கெல்வினில் செம்பின் வெப்ப ஏற்புத்திறன் அறைச்சூட்டில் இருப்பதில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே துளி வெப்பத்திலேயே வெப்பநிலை எகிறும், பிடிப்பு மேலும் தளரும், மேலும் சுழல்கள் தாவும். சுருளில் ஒரு கம்பி சில மைக்ரோமீட்டர் நகர்ந்து உராய்ந்தாலும் இதே கதை. தடுக்க, மீக்கடத்தியை மயிரிழைகளாகப் பிரித்துச் செம்புக்குள் பதிக்கிறார்கள். ஹாட்ரான் மோதியின் கம்பியில் இழை 6 அல்லது 7 மைக்ரோமீட்டர், ஒரு கம்பிக்குள் ஆயிரக்கணக்கில். இழை மெலிந்தால் ஒரு தாவல் தரும் வெப்பம் குறையும். தாவினாலும் மின்னோட்டம் சிறிது நேரம் செம்பு வழியே ஒதுங்கும்.

இணைப்புகளும் அதே அளவு முக்கியம். 2008 செப்டம்பர் 19 அன்று அந்த மோதியில் காந்தங்களுக்கு இடையிலான ஒரு பற்றவைப்பில் சுமார் 200 நானோ ஓம் தடை இருந்தது. கேட்க ஒன்றுமில்லாதது போல் தோன்றும். 8,700 ஆம்பியரில் அது 15 வாட், 1.9 கெல்வினில் பேரழிவு. மின்வில் தோன்றி ஹீலியக் கலத்தைத் துளைத்தது; ஏறக்குறைய 6 டன் ஹீலியம் வெளியேறியது, 53 காந்தங்களைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

ஜப்பானின் மிதக்கும் ரயில் இந்தச் சுழல் பிடிப்பு முறையில்தான் ஓடுகிறதா?

இல்லை. 2015-ல் மணிக்கு 603 கிலோமீட்டர் எட்டிய அந்த ரயிலில் இருப்பவை நையோபியம்-டைட்டானியச் சுருள்கள், வெறும் வலிமையான காந்தங்களாக. பாதையோரச் சுருள்களில் தூண்டப்படும் மின்னோட்டம்தான் தூக்குகிறது. வேகம் குறைந்தால் சக்கரம் இறங்கும். ஷாங்காய் ரயிலில் மீக்கடத்தியே கிடையாது.

சுழல்களே வேண்டாம் என்னும் பயன்பாடு ஏதும் உண்டா?

துகள்முடுக்கிகளின் நையோபிய அறைகள். அங்கே நூறு கோடி ஹெர்ட்ஸுக்கு மேல் புலம் ஆடுகிறது. நேர் மின்னோட்டத்தில் அசையாத சுழல்கூட அந்த வேகத்தில் தன் இடத்திலேயே அதிர்ந்து வெப்பம் தரும். குளிர்விக்கும்போது பூமியின் புலம் சிக்கினாலே மேற்பரப்புத் தடை பல மடங்கு ஏறிவிடும். அதனால் காந்தத் தடுப்பு உறை, வேகமான குளிர்விப்பு, குறையில்லாத தூய உலோகம் என்று காந்தக் கம்பிக்கு நேர்மாறான எல்லாவற்றையும் நாடுகிறார்கள். அங்கும் இறுதி எல்லை காந்தப்புலம்தான்: அறைச்சுவரில் சுமார் 200 மில்லிடெஸ்லாவை எட்டும்போது நையோபியம் கைவிடுகிறது.

அறைச்சூட்டிலேயே மீக்கடத்துவதாகச் சொல்லப்பட்ட எல்கே-99 என்னும் பொருள் பாதி மிதந்த காணொளி 2023-ல் வந்ததே. மிதந்தால் மீக்கடத்தி இல்லையா?

ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடி மறுமுனை எழும்பி நிற்பது சாதாரண இரும்புக்காந்தத் தன்மையாலும் நடக்கும். முழுதாகவே மிதக்கும் பைரோலிட்டிக் கிராஃபைட்டும் மீக்கடத்தி அல்ல. அதன் டயா காந்தத்தன்மை, அதாவது புலத்தை விலக்கும் தன்மை, மீக்கடத்தியினதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. எல்கே-99-ல் சுமார் 104 டிகிரி செல்சியஸில் தெரிந்த தடைச் சரிவுக்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்பு சல்பைடின் கட்டமாற்றம். தூய படிகம் மின்காப்பியாக இருந்தது. புதுப் பொருள் எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று தரவைக் கேளுங்கள்: நான்கு முனை அளவீட்டில் பூஜ்யத் தடை, புலத்தோடு குளிர்வித்தபோது விலக்கம், புலத்தைக் கூட்டும்போது மாறுநிலை வெப்பநிலை இறங்குதல்.

வட்டுக்குள் சிக்கவைத்த புலம் எவ்வளவு நாள் நிற்கும்?

ஒய்பிசிஓ குடும்ப வட்டுகள் நிலைக்காந்தங்களைச் சாதாரணமாகத் தோற்கடிக்கும். 2014-ல் கேம்பிரிட்ஜ் குழு கடோலினிய வகை வட்டு இணையில் 26 கெல்வினில் 17.6 டெஸ்லாவைச் சிக்கவைத்தது. ஆனால் சுழல்கள் வெப்ப அதிர்வால் மெல்ல நழுவும். நழுவல் மடக்கை வேகத்தில் நடக்கிறது: முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடத்துக்குள் எவ்வளவு இழப்போ, பத்திலிருந்து நூறாவது நிமிடத்துக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே காந்தமேற்றியவுடன் எடுத்த அளவைப் பதியாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அளந்ததே நம்பத்தக்கது. இழப்பை நிறுத்தவும் எளிய வழி உண்டு. காந்தமேற்றி முடித்தபின் நைட்ரஜனின் மேல் வெற்றிடப் பம்பை இணைத்து 77-லிருந்து 70 கெல்வினுக்கு இறக்கினால் பிடிப்பு இறுகி நழுவல் ஏறக்குறைய நின்றுவிடும். 63 கெல்வினுக்குக் கீழே போக வேண்டாம்; அங்கே நைட்ரஜன் உறைந்து கட்டியாகி வட்டை ஒரேசீராகத் தொடாமல் போகும்.